விரல் நீள உடும்பு

சான் ஹுவான் தீவின் கற்களுக்கு அடியில் வாழும் ஒரு சிறு மீனின் பிடி, விஞ்ஞானிகளை வியக்க வைத்திருக்கிறது. ஆனால் 2021 ஜூன் மாத வெயிலில் அதே கரையில் பிடி இருந்தும் பிழைக்காத உயிர்கள் கோடிக்கணக்கில்.

ஃப்ரைடே ஹார்பரில் கடிகாரத்தைவிட முக்கியமான அட்டவணைகள் இரண்டு. ஒன்று படகு நேரம். மற்றொன்று கடல் வற்றும் நேரம். படகைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை துறையில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கடல் வற்றும் நேரத்தைத் தவறவிட்டால், பார்க்க வந்த உலகமே தண்ணீருக்குள் போயிருக்கும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய கடலில் சிதறிக் கிடக்கும் தீவுக் கூட்டத்தில் ஒன்று சான் ஹுவான். சியாட்டிலிலிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் அனகோர்ட்டஸ் துறை வரும். அங்கிருந்து கார்களையும் ஆட்களையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு கிளம்பும் பெரிய படகு, ஊசியிலை மரங்கள் அடர்ந்த தீவுகளுக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் வளைந்து வளைந்து சென்று ஃப்ரைடே ஹார்பரில் சேர்க்கும். தீவுக்குப் பாலம் கிடையாது. ரெட்மண்டிலும் பெல்வியூவிலும் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் இந்தியப் பெற்றோரும் கோடையில் இந்தப் படகில் ஏறுவதுண்டு. பெரும்பாலோருக்குத் திமிங்கிலம் பார்க்க வேண்டும். அது தென்படுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கரையிலுள்ள கல்லுக்கு அடியில் இருக்கும் மீனைப் பார்க்க அவ்வளவு அதிர்ஷ்டம் தேவையில்லை. முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் குனிய மனமிருந்தால் போதும்.

நீர் வற்றிய கரையில், தேங்காயைவிடச் சற்றுப் பெரிய கல் ஒன்றை மெல்லப் புரட்டினால் அடியிலிருந்து சிறு நண்டுகள் நாலாபக்கமும் ஓடும். புழுக்கள் சுருண்டுகொள்ளும். ஓடாமலும் சுருளாமலும் இருப்பது ஒன்றுதான். பெரிய தலைப்பிரட்டை ஒன்றைத் தட்டையாக அழுத்திக் கல்லில் அப்பி வைத்ததுபோல் அது கிடக்கும். முதல் பார்வையில் மீன் என்றே தோன்றாது. கண்கள் அசைவதைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வரும். ஆங்கிலத்தில் இதற்குக் கிளிங்ஃபிஷ் என்று பெயர். பற்றிக்கொள்ளும் மீன் என்று பொருள்.

தலை அகலம், தட்டை. அதன் பின்னால் உடல் சட்டென்று மெலிந்து வாலில் முடிகிறது. செதிலே கிடையாது, வழவழவென்று கோழை பூசிய தோல்தான். முதுகில் ஒரே ஒரு துடுப்பு, அதுவும் வாலுக்குப் பக்கத்தில் தள்ளி இருக்கிறது. நிறம் பழுப்பு, பாசிப்பச்சை, சிலவற்றில் செம்மை. மேலே வலைபோல நெளியும் கோடுகள். 1858-ல் இதை முதலில் விவரித்த சார்லஸ் ஜிரார்டு, 'மியாண்ட்ரிகஸ்' என்று பெயர் வைத்தார். நெளிந்து போகும் கோடு என்ற பொருள் அதில் இருக்கிறது. நன்றாக வளர்ந்தது 16 செ.மீ. வரை போகும். கல்லடியில் சாதாரணமாகக் காணக் கிடைப்பவை ஒரு விரல் நீளம்தான். அலாஸ்காவின் தென்கிழக்கிலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா வரை பசிபிக் கரை நெடுகிலும் இந்த மீன் உண்டு. ஆனால் அதன் புகழ் பரவியது இந்தத் தீவிலிருந்துதான்.

புகழுக்குக் காரணம் அதன் அடிப்பக்கம். மற்ற மீன்களுக்குத் தனித்தனியாக இருக்கும் வயிற்றுப்புறத் துடுப்புகள் இதற்குச் சேர்ந்து, மார்புத் துடுப்புகளின் ஒரு பகுதியையும் இணைத்துக்கொண்டு, நெஞ்சுக்குக் கீழே வட்டமான ஒரு தட்டாக மாறியிருக்கின்றன. நீந்த உதவ வேண்டிய உறுப்பு ஒட்டுவதற்கு என்றே ஆகிவிட்டது. அலை மோதும் கரையில் நீந்தத் தெரிவதைவிட அடித்துச் செல்லப்படாமல் இருக்கத் தெரிவதே பெரிய வித்தை.

விடாத பிடிக்குத் தமிழில் உடும்புப் பிடி என்கிறோம். 1670-ல் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே, உடும்பின் இடுப்பில் கயிறு கட்டிக் கொண்டாணா கோட்டையின் செங்குத்துப் பாறையில் ஏறினார் என்ற கதையை மகாராஷ்டிரத்தில் குழந்தைகளும் சொல்லும். உடும்பின் பிடி நகத்தில் இருக்கிறது. இடுக்கு இருந்தால்தான் நகம் மாட்டும். குளியலறை டைல்ஸில் ஒட்டும் பிளாஸ்டிக் கொக்கியின் கதை நேர் எதிர். வழவழப்பான பரப்பில் மட்டும்தான் அது ஒட்டும். சுண்ணாம்புச் சுவரில் வைத்தால் விழும். டைல்ஸில் வைத்தாலும் ராத்திரி எந்நேரத்திலாவது சோப்புப் பெட்டியோடு விழுந்து வீட்டையே எழுப்பும். கிளிங்ஃபிஷ்ஷின் தட்டும் அந்தக் கொக்கியைப் போல உறிஞ்சிப் பிடிப்பதுதான். ஆனால் அது வாழும் கல்லோ கரடுமுரடு. மேலே பாசி, வழுக்கல், மணல். கொக்கி தோற்றுவிடும் எல்லா இடங்களிலும் இந்த மீன் ஜெயிக்கிறது. எப்படி என்பதுதான் கேள்வி.

கேள்வி கேட்கத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தீவில் பஞ்சமில்லை. ஊரிலிருந்து பார்த்தால் துறைமுகத்தின் மறுபக்கம், மரங்களுக்கு நடுவே தாழ்வான கட்டடங்கள் தெரிகின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் அது. 1904-ல் தொடங்கியது. 1961 கோடையில் பிரின்ஸ்டனிலிருந்து இங்கே வந்த ஒசாமு ஷிமோமுரா, கரையோரம் மிதந்த ஜெல்லி மீன்களை வலையில் அள்ளி, அவை ஒளிர்வது எப்படி என்று ஆராய ஆரம்பித்தார். அடுத்து வந்த பல கோடைகளில் குடும்பத்தோடு சேர்ந்து அவர் அள்ளியவை லட்சக்கணக்கில் இருக்கும். அதிலிருந்து கிடைத்த பச்சை ஒளிர் புரதம் இன்று உயிரியல் ஆய்வுக்கூடங்களில் அன்றாடக் கருவி. 2008-ல் வேதியியல் நோபல் பரிசை அவர் வேறு இருவரோடு பகிர்ந்துகொண்டார். கரையில் கிடக்கும் அற்பமான பிராணி என்று எதையும் தள்ளிவிடாத பழக்கம் அந்த வளாகத்துக்கு உண்டு.

தீவுக்கும் ஒரு விசித்திரமான வரலாறு இருக்கிறது. 1859 ஜூன் 15 அன்று, தன் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் புகுந்த பன்றியை அமெரிக்கக் குடியேறி ஒருவர் சுட்டுக் கொன்றார். பன்றி பிரிட்டிஷ் வணிக நிறுவனமான ஹட்சன்ஸ் பே கம்பெனிக்குச் சொந்தம். தீவு யாருக்கு என்பதே அப்போது தீராத வழக்கு. இரு தரப்பும் படைகளை இறக்கின. பிரிட்டிஷ் போர்க் கப்பல்கள் வந்து நின்றன. நல்லவேளையாக யாரும் அவசரப்படவில்லை. தீவின் தெற்கே அமெரிக்க முகாம், வடக்கே ஆங்கிலேய முகாம் என்று 12 ஆண்டுகள் ஒருவரையொருவர் விருந்துக்கு அழைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். கடைசியில் 1872-ல் ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் மத்தியஸ்தம் செய்து அமெரிக்காவுக்குத் தீர்ப்பளித்தார். 'பன்றிப் போர்' என்று பெயர் பெற்ற அந்தச் சண்டையில் மொத்த உயிர்ச்சேதம் அந்தப் பன்றி மட்டுமே. இரண்டு முகாம்களும் இப்போது தேசியப் பூங்கா. அவற்றுக்கெல்லாம் வெகு காலம் முன்பிருந்தே இந்தக் கடல் சேலிஷ் பழங்குடிகளுடையது. லம்மி, சாமிஷ் போன்ற மக்கள் இங்கே மீனும் சிப்பியும் எடுத்து வாழ்ந்தார்கள். அவர்களை நினைவுகூரும் விதமாக, சேலிஷ் கடல் என்ற பெயரை அமெரிக்காவும் கனடாவும் அதிகாரபூர்வமாக ஏற்றது 2009-10-ல்தான்.

மீனுக்கு நேரடியாகப் பயன்பட்ட வரலாறு வேறொன்று. 1923-ல் வாஷிங்டன் மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, சான் ஹுவான் தீவுகளைச் சூழ்ந்த கடலையும் கரையையும் கடல் உயிரியல் காப்பகமாக அறிவித்தது. உணவுக்காக எடுப்பதைத் தவிர, ஆய்வு நிலைய இயக்குநரின் அனுமதி இல்லாமல் இங்கே கடலுயிர்களைப் பிடித்துச் செல்லக்கூடாது. கிளிங்ஃபிஷ்ஷை யாரும் சாப்பிடுவதில்லை. ஆகவே கல்லடியில் அதற்கு ஓரளவு நிம்மதி.

தெற்கே, சிலியின் பாறைக் கரையில் இருக்கும் அதன் உறவுக்கார மீனுக்கு அந்த நிம்மதி கிடையாது. 30 செ.மீ. வரை வளரும் அந்த மீன், அலை தெறிக்கும் பாறையில் தண்ணீரைவிட்டு வெளியே வந்து ஒட்டிக் கிடக்கும். ஸ்பானிய மொழியில் பெஹேசாப்போ, அதாவது தேரை மீன். சூப்பு வைத்துச் சாப்பிட்டால் ஆண்மை பெருகும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. எந்த நாட்டிலும் பிடிப்பதற்குக் கடினமான பிராணிக்கெல்லாம் கடைசியில் இந்தப் பெயர்தான் வந்து சேர்கிறது.

ஆய்வு நிலையத்தில் கிளிங்ஃபிஷ்ஷைப் பிரபலமாக்கியவர் ஆடம் சம்மர்ஸ். மீன்களின் உடல் எந்திரவியலைப் படிப்பவர். 2003-ல் வந்து சக்கைப்போடு போட்ட 'ஃபைண்டிங் நீமோ' கார்ட்டூன் படத்துக்கு மீன் விஷயத்தில் ஆலோசகர். உலகின் எல்லா மீன் இனங்களையும் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பெரிய வேலையையும் இதே தீவில் தொடங்கிவைத்தவர். அவரும் டிலன் வெய்ன்ரைட்டும், ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்தானிஸ்லாவ் கோர்ப் முதலியவர்களும் சேர்ந்து செய்த சோதனை 2013-ல் 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் வெளியானது.

சோதனை கேட்பதற்கு எளிது. வழவழப்பான பரப்பு முதல் முரட்டு உப்புத்தாள் போன்றது வரை பல தரத்தில் பரப்புகளைத் தயார் செய்தார்கள். நீருக்கடியில் மீனை அதன்மேல் வைத்து, ஒட்டிய பிறகு விசையளக்கும் கருவியில் கட்டி மேலே இழுத்தார்கள். அதே பரப்புகளில் கடையில் விற்கும் ரப்பர் உறிஞ்சிகளையும் வைத்து இழுத்தார்கள். ரப்பர் உறிஞ்சி, கண்ணாடிபோல் வழவழப்பான பரப்பில் மட்டும் நின்றது. மீன் எல்லாவற்றிலும் நின்றது. பரப்பு கரடுமுரடாக ஆக ஆக அதன் பிடி தளரவில்லை. அதைப் பெயர்க்கத் தேவைப்பட்ட விசை மீனின் எடையைப்போல் 80 முதல் 230 மடங்கு. 60 கிலோ மனிதருக்கு அதே கணக்கு, குறைந்தபட்ச அளவில்கூட, விதானத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு யானையைத் தொங்கவிடுவதற்குச் சமம். (உடம்பு பெருத்தால் கணக்கு மாறிவிடும். விரல் நீள மீனுக்கு உள்ள சலுகை மனிதருக்குக் கிடையாது.) இன்னொரு விஷயம் அதைவிட ஆச்சரியம். இழுத்துப் பார்த்தவை உயிரில்லாத மீன்கள். ஒட்டுவதற்கு அது தசையை இறுக்கிப் பாடுபட வேண்டியதே இல்லை. தட்டின் அமைப்பே வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

அந்த அமைப்பை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது விடை தெரிந்தது. தட்டின் விளிம்பில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஒவ்வொரு கொப்புளமும் நெருக்கமாக நிற்கும் நுண்ணிய தண்டுகளின் கட்டு. ஒவ்வொரு தண்டின் நுனியும் இன்னும் நுண்ணிய இழைகளாகப் பிரிந்திருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியின் பாதத்தில் இருக்கும் மயிரிழைகளும் கிட்டத்தட்ட இதே அளவு, இதே அமைப்பு. பல்லிக்கும் மீனுக்கும் இந்த விஷயத்தில் தாயாதி உறவு கிடையாது. ஒரே சிக்கலுக்குச் சுவரிலும் கடலிலும் தனித்தனியாகக் கிடைத்த ஒரே மாதிரித் தீர்வு.

உறிஞ்சி கழன்று விழுவது எப்போதும் விளிம்பில்தான் ஆரம்பிக்கிறது. இழுக்கும்போது ரப்பர் வட்டத்தின் ஓரம் உட்பக்கமாகச் சறுக்கும். எங்கோ ஓரிடத்தில் சந்து விழும், அதன் வழியே நீர் உள்ளே பாயும், பிடி போய்விடும். கிளிங்ஃபிஷ்ஷின் விளிம்பில் இருக்கும் இழைகள் கல்லின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் புகுந்து உராய்வைக் கூட்டி ஓரத்தைச் சறுக்க விடாமல் தடுக்கின்றன. விளிம்பு மெத்தென்று இருப்பதால் சந்துகளும் அடைபடுகின்றன. ரப்பர் உறிஞ்சியைக் கவிழ்க்கும் சொரசொரப்பு, இந்த மீனுக்குப் பிடிமானமாகிவிடுகிறது. 2014-ல் வந்த அடுத்த ஆய்வில், கடலில் ஊறவைத்துப் பாசி படியவிட்ட பரப்புகளிலும் மீனை ஒட்டிப் பார்த்தார்கள். வழுக்கல் பிடியைக் கொஞ்சம் குறைத்தது. ஆனாலும் மீன் நின்றது.

இதில் காசும் காரியமும் இருக்கிறது என்பது பொறியாளர்களுக்கு உடனே புரிந்தது. 2019-ல் பெட்ரா டிட்ஷேயும் சம்மர்ஸும் இந்த மீனைப் பார்த்துச் செய்த உறிஞ்சிகள் சொரசொரப்பான பரப்பிலும் பிடித்தன. அதே ஆண்டு சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர், தண்ணீரிலும் வெளியிலும் கரடுமுரடான பொருள்களைப் பிடித்துத் தூக்கும் சிலிக்கோன் தட்டுகளைச் செய்து காட்டினார்கள். சம்மர்ஸ் குழுவின் மனதில் இருந்த பயன்களில் ஒன்று தீவுக்கு மிக நெருக்கமானது. சான் ஹுவானின் மேற்குக் கரையில், லைம் கில்ன் முனைக்கு எதிரே நீந்தும் கொலையாளித் திமிங்கிலக் கூட்டத்தை அமெரிக்க அரசு 2005-ல் அழியும் நிலையிலுள்ள பட்டியலில் சேர்த்தது. அண்மை ஆண்டுகளின் கணக்கெடுப்பில் அவை எழுபதுக்குச் சற்று மேல். அவை எங்கே போகின்றன, என்ன செய்கின்றன என்று அறிய முதுகில் சிறு கருவிகளை ஒட்டுகிறார்கள். தோலைக் குத்தாமல் உறிஞ்சி மூலம் ஒட்டினால் சில மணி நேரத்தில் கழன்றுவிடுகிறது. கிளிங்ஃபிஷ் பாணி உறிஞ்சி இருந்தால் இன்னும் நேரம் நிற்குமே என்பது யோசனை. கல்லுக்கடியில் கிடக்கும் விரல் நீள மீனின் நெஞ்சிலிருந்து எட்டு மீட்டர் திமிங்கிலத்தின் முதுகுக்கு ஒரு பாதை.

மீனுக்கு இந்தப் பெருமையெல்லாம் தெரியாது. அதன் கவலை வயிற்றுப்பாடு. கல்லில் ஒட்டி மேயும் லிம்பெட் என்ற நத்தை வகை அதற்குப் பிடித்த உணவுகளில் ஒன்று. லிம்பெட்டின் ஓடு சீனத் தொப்பி போலக் கூம்பாக இருக்கும். அதுவும் பிடியில் சளைத்ததல்ல. சாதாரணமாக ஓட்டைச் சற்றே தூக்கிக்கொண்டு மேயும், ஆபத்து என்று தெரிந்தால் அப்படியே கல்லோடு அழுந்திக்கொள்ளும். பிறகு கத்தி வைத்து நெம்பினாலும் வராது. ஆகவே கிளிங்ஃபிஷ்ஷுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. லிம்பெட் சுதாரிப்பதற்குள் முன்பற்களை ஓட்டுக்கு அடியில் செருகி ஒரே நெம்பில் புரட்டியாக வேண்டும். நெம்புகிறவனுக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும் அல்லவா? அங்கேதான் நெஞ்சுத் தட்டு கைகொடுக்கிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பெயர்க்க, அதைவிட நன்றாக ஒட்டிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

முட்டையும் கல்லடியில்தான். பெண் மீன் கல்லின் அடிப்பரப்பில் முட்டைகளை ஒரே அடுக்காக ஒட்டிவைக்கும். காவல் ஆண் மீனுக்கு. நீர் வற்றிக் கல் வெளியே தெரியும் நேரத்திலும் அது நகராது. காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள இந்த மீனால் முடியும். கல்லடியில் ஈரமும் நிழலும் இருக்கும்வரை பல மணி நேரம் கவலை இல்லை. அந்த ஈரமும் நிழலும்தான் அதன் முழுச் சொத்து.

அந்தச் சொத்து எவ்வளவு பத்திரம் என்பது ஓதத்தின் நேரத்தைப் பொறுத்தது. இங்கேதான் தீவின் புவியியல் ஒரு சிக்கலைச் செய்து வைத்திருக்கிறது. கடல் மிகக் கீழே இறங்கும் நேரம் குளிர்காலத்தில் இரவிலும் கோடையில் பகலிலும் வருகிறது. அதே நீர் வற்றம் வெளிக்கடலை ஒட்டிய பசிபிக் கரையில் அதிகாலையிலேயே நடந்து முடிந்துவிடும். நீரிணைகளுக்குள் சுற்றி வரும் ஓதம் இந்தத் தீவுகளை எட்டும்போது மணிக்கணக்கில் தாமதமாகிவிடுகிறது. கோடையில் சான் ஹுவானின் கரை வெளியே தெரிவது நட்ட நடுப்பகலில். சுற்றுலாப் பயணிக்கு இது பெரிய வசதி. சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுக் கல் புரட்டப் போகலாம். கரையில் வாழ்பவற்றுக்கு, வருடத்தின் மிக நீண்ட வெயிலில் உடம்பைக் காட்டிக்கொண்டு கிடக்க வேண்டிய நேரம்.

வழக்கமாக அது பிழைத்துப்போகும் விஷயம்தான். கடல்நீர் கோடையிலும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிரில் இருக்கும், காற்றும் இதமாக வீசும். சென்னைவாசிக்கு ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் தேவைப்படும் ஊர் இது. 2021 ஜூன் 24 பௌர்ணமி. அதையொட்டிய நாள்களில் கடல் மிகக் கீழே இறங்கியது. 26-ம் தேதி முதல் வடமேற்கு அமெரிக்காவையும் மேற்குக் கனடாவையும் வெப்பக் காற்று ஒரு மூடிபோல் கவிந்துகொண்டது. 28-ம் தேதி சியாட்டிலில் 42 டிகிரி. 29-ம் தேதி கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி. கனடா அதுவரை கண்டிராத வெப்பம். மறுநாள் அந்த ஊரே தீயில் போனது. மனித உயிர்கள் நூற்றுக்கணக்கில் போயின. பருவநிலை மாற்றம் இல்லாமல் இப்படி ஒரு வெப்பம் வந்திருக்கவே முடியாது என்று சொல்லலாம் என்கிற முடிவுக்கு, அடுத்த மாதமே உலக வானிலை விஞ்ஞானிகள் குழு ஒன்று வந்தது.

கடற்கரையில் நடந்ததை முதலில் சொன்னது மூக்குதான். வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ் ஹார்லி கரைக்குப் போனபோது, பார்ப்பதற்கு முன்பே அழுகல் நாற்றம் வந்தது. பாறை முழுக்க வாய் பிளந்த சிப்பிகள். வெப்பம் அளக்கும் கேமராவில் பாறையின் சூடு 50 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஒரு சதுர அடியில் எத்தனை சிப்பி செத்திருக்கிறது என்று எண்ணி, கரையின் நீளத்தோடு பெருக்கிப் பார்த்தார். சேலிஷ் கடலில் மடிந்த கரையோர உயிர்கள் நூறு கோடிக்கும் மேல் என்று கணக்கு வந்தது. சிப்பி, கொட்டலசு, நட்சத்திர மீன், லிம்பெட். எல்லாமே பாறையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவை. அலை வந்து பெயர்க்கக்கூடாது என்பதற்காகவே அவற்றுக்கு அந்தப் பிடி. வெயிலிலிருந்து தப்பி ஓட வேண்டிய நேரத்தில் அதனால் உபயோகமில்லை.

2022-ல் 'எக்காலஜி' இதழில் வந்த ஆய்வு, வாஷிங்டன் மாநிலத்திலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பல கரைகளில் பார்த்ததைத் தொகுத்தது. பாதிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. வெளிக்கடற்கரை பெரும்பாலும் தப்பியது, உட்கடல்தான் அடிபட்டது. நீர் வற்றிய நேரம் அதற்கு முக்கியமான ஒரு காரணம். காலை எட்டு மணிக்கு வெளியே தெரிந்த கரைக்கும் பகல் ஒரு மணிக்கு வெளியே தெரிந்த கரைக்கும் இருந்த வித்தியாசம் உயிருக்கும் சாவுக்கும் இருந்த வித்தியாசம். ஒரே கரையிலும் தெற்குப் பார்த்த பாறை வெந்துபோக, வடக்குப் பார்த்த பாறையில் உயிர் மிஞ்சியது. வெட்டவெளியில் கிடந்தவை போயின. கல்லுக்கடியில், கடற்பாசிப் போர்வைக்குள், நீர் கசியும் இடுக்கில் இருந்தவற்றுக்கு வாய்ப்பு அதிகமாக இருந்தது.

அதனால்தான் இந்தக் கரையில் கல்லைப் புரட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்து வரும் ஆசிரியர்கள் அதை முதலில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஒரு கையால் தூக்க முடியாத கல்லைத் தொடக்கூடாது. தன் பக்கமாக மெல்லத் தூக்க வேண்டும், உருட்டிவிடக் கூடாது. மீனைக் கல்லிலிருந்து பிய்க்கக் கூடாது. அப்படிச் செய்தால் அறுபடுவது பெரும்பாலும் மீனாகத்தான் இருக்கும். கையில் எடுத்துப் பார்க்க விரும்பினால் ஈரக் கையை அதன் பக்கத்தில் வைத்துக் காத்திருக்கலாம், சில சமயம் அதுவே நழுவி உள்ளங்கைக்கு வரும். அப்போது தட்டு தோலில் படியும். குழந்தையின் உதடு ஒட்டியது போன்ற மெல்லிய ஈர்ப்பு. உதறினாலும் போகாது. தண்ணீரில் கையை அமிழ்த்தி வைத்தால், அதற்கு இஷ்டமானபோது போகும்.

கல்லின் அடியில் மஞ்சளாகப் புள்ளி புள்ளியாக ஏதாவது தெரிந்தால் அந்தக் கல்லை உடனே கீழே இறக்கிவிட வேண்டும். அது முட்டை. பக்கத்தில் ஆண் மீன் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த கல்லை எடுத்த குழியிலேயே, அடிப்பக்கம் அடியில் இருக்கும்படி வைத்துவிட்டு வர வேண்டும். மல்லாந்து கிடக்கும் ஒரு கல்லில், மேலே இருந்த பாசி இருட்டில் அழுகும். அடியில் இருந்த முட்டை வெயிலில் காயும். அடுத்த ஓதம் வந்து நனைக்க ஆறு மணி நேரம் ஆகும்.

பிற்பகலில் நீர் திரும்பி ஏறத் தொடங்குகிறது. முதலில் கூழாங்கற்களுக்கு இடையே ஈரம் மினுங்கும், பிறகு கணுக்கால் அளவு. நாலு மணிப் படகைப் பிடிக்க வேண்டியவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடக்கிறார்கள். அதற்குள் ஆண் மீன் காவல் காக்கும் கல் முக்கால்வாசி முழுகியிருக்கும்.